கவலை கிலோ எவ்வளவு?

மெட்ராஸ்காரனைக் கல்யாணம் செய்துகொண்ட மதுரைப் பெண் ஒருத்தியை எனக்குத் தெரியும். வந்த முதல் வாரம். மாமியார் வாசலில் நின்றபடி, "இன்னாம்மா, இன்னிக்கு கவலை நல்லா கீதா? நேத்து மாதிரி வதங்கிப் போனத குடுத்துடாதே" என்று யாரிடமோ பேசுவதைக் கேட்டிருக்கிறாள். "நம்ம வீட்ல எல்லாருக்கும் கவலைதான் இஷ்டம்" என்று அடுத்த வரி வந்ததும் பயந்துபோய் அம்மாவுக்கு போன் பண்ணிவிட்டாள்.

கவலை என்பது எங்கள் பக்கத்தில் மீன், ஸார். சாண் நீளம்கூடத் தேறாது. வெள்ளித் தகடு மாதிரி மினுங்கும். முள் ஜாஸ்தி, விலை கம்மி. இருபத்தைந்தாம் தேதிக்கு மேல் சம்பளக்காரன் வீட்டில் குழம்பு வாசனை வந்தால் அநேகமாக இதுதான். தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கம் சாளை என்பார்கள். கேரளத்தில் மத்தி. வஞ்சிரம் விலையைக் கேட்டுவிட்டு ஒரு அடி பின்னால் நகர்கிற என் போன்றவர்கள் நேராக வந்து நிற்பது கவலைக் கூடையின் முன்னால்தான்.

கவலையில் பல ஜாதி உண்டு. சின்னச் சின்னக் கவலைகள் (மீனைத்தான் சொல்கிறேன்) நம் கரையில் எப்போதும் இருந்தவை. ஆனால் எண்ணெய் மினுமினுப்போடு, கொஞ்சம் தடித்து, வாணலியில் போட்டால் தன் எண்ணெயிலேயே பாதி வெந்துவிடுகிற ரகம் இருக்கிறதே, கேரளத்து மத்தி, அது நம்ம ஊர்க்காரரே இல்லை. வந்தேறி. வந்து நாற்பது வருஷம்கூட ஆகவில்லை.

இதைப் படித்த அன்று எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. நான் பி.காம். மீனுக்கும் எனக்கும் தட்டு அளவில்தான் உறவு. பத்திரிகைக்கு எதையாவது எழுதிக் கொடுத்துப் பிழைப்பவன் கண்டதையும் படிப்பான். அப்படிக் கையில் கிடைத்தது, கொச்சியைத் தலைமையகமாகக் கொண்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானி விவேகானந்தனும் அவருடைய சகாக்களும் போட்டிருந்த கணக்கு. 1985-க்கு முன்பு இந்தியாவில் பிடிபட்ட எண்ணெய் மத்தி கிட்டத்தட்ட முழுவதும் மலபார் கரையிலிருந்து வந்தது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அங்கே கடலின் அடித்தண்ணீர் மேலே பொங்கி வரும், அதோடு சத்தும் வரும், அதைத் தின்ன மத்தி வரும். தலைமுறை தலைமுறையாக அது அங்கேயே குடித்தனம். கன்னியாகுமரியைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது அபூர்வம்.

எண்பதுகளின் கடைசியில் தமிழ்நாட்டு வலைகளில் விழ ஆரம்பித்தது. அப்புறம் ஆந்திரா. மேற்குக் கரையிலும் வடக்கே ஏறியது. 2006-ல் பார்த்தால், நாட்டின் மொத்த எண்ணெய் மத்தியில் சுமார் 15 சதவீதம், முன்பு அந்த மீன் எட்டிப் பார்க்காத வடக்குக் கடல்களிலிருந்து வந்திருக்கிறது. காரணம் என்று அவர்கள் சொன்னது, கடல் சூடு. மத்திக்கு ஒத்துக்கொள்கிற வெதுவெதுப்பு மெல்ல மெல்லப் பரவியது. மீனும் கூடவே நடந்து வந்துவிட்டது. (நீந்தி என்று திருத்தி வாசிக்கவும்.)

அந்தக் கட்டத்தில் மலபாரில் மத்தி குறையவில்லை. ஆகவே இதை டிரான்ஸ்ஃபர் என்று சொல்ல முடியாது. ஹெட் ஆபீஸ் அங்கேயே இருக்க, இங்கே பிராஞ்ச் திறந்த கதை. பிற்பாடு நடந்ததுதான் வேடிக்கை. 2012-ல் கேரளத்தில் 3.9 லட்சம் டன் மத்தி பிடித்தார்கள். 2021-ல் வெறும் 3,297 டன். லட்சத்தை விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள், மூவாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழுதான். ஹெட் ஆபீஸில் ஷட்டர் இறக்குகிற நிலை. அந்த நாட்களில் தமிழ்நாட்டு மத்தி லாரி ஏறிக் கேரளம் போனது. மறுவருஷமே அங்கே லட்சம் டன்னைத் தாண்டிச் சுதாரித்துக்கொண்டது. மத்தியின் குணமே அதுதான், ஷேர் மார்க்கெட் மாதிரி. ஆனாலும் பிராஞ்ச் ஆபீஸ் ஹெட் ஆபீஸுக்குச் சோறு போட்ட கதையை எந்த பாங்க்கிலாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

எங்கள் தெருவுக்குக் காசிமேட்டிலிருந்து கூடை கொண்டு வருகிற அக்காவிடம், "இது கேரளாவுலேர்ந்து வந்த மீனாம்க்கா" என்றேன்.

"ஆரு சொன்னா? விடியக்காலைல ஏலத்துல நான் எடுத்தேன் தம்பி."

"இப்போ இல்லக்கா. முப்பது நாப்பது வருஷத்துக்கு முன்னாடி."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்போ வந்திருந்தா அது நம்மூருதான். என் மருமவன்கூட ஆந்திரா. வந்து பத்து வருஷம் ஆச்சு. இப்போ அவனை ஆந்திராக்காரன்னு சொன்னா சண்டைக்கு வருவான். அரைக் கிலோ போடவா, ஒரு கிலோவா?"

குடியுரிமைச் சட்டத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதியதில்லை.

ஒரு வந்தேறிக்கு இப்படி ரத்தினக் கம்பளம். எங்கள் ஊரிலேயே இன்னொரு வந்தேறி இருக்கிறது. அதன் பெயரைச் சொன்னால் எங்கள் பக்கத்து ஆற்று மீனவர்கள் காறித் துப்புவார்கள்.

★

என் ஊர் அத்திப்பட்டு. உடனே, "சிட்டிசன் படத்துல மேப்லேர்ந்து காணாமப் போகுமே, அந்த ஊரா?" என்று கேட்பீர்கள். 2001-லிருந்து இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. அஜித் ஊர் அத்திப்பட்டி. எங்கள் ஊர் அத்திப்பட்டு. காணாமல் போகவில்லை. சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் பிடித்து, திருவொற்றியூர், எண்ணூர் எல்லாம் தாண்டி, கொசஸ்தலை ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் அத்திப்பட்டு புதுநகர், அதற்கடுத்தது அத்திப்பட்டு. ஜன்னலில் அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிகள் தெரியும். வடசென்னை அனல் மின் நிலையம் தொண்ணூறுகளின் நடுவில் 630 மெகாவாட்டோடு ஆரம்பித்து, வளர்ந்துகொண்டே போகிறது. அதற்கு நிலக்கரி இறக்குவதற்காகவே 2001-ல் எண்ணூர் துறைமுகம் வந்தது. இப்போது அது காமராஜர் துறைமுகம். பக்கத்திலேயே காட்டுப்பள்ளித் துறைமுகம். கன்டெய்னர் லாரி, சாம்பல், உப்புக் காற்று. வீட்டுத் தரகர்கள் 'அமைதியான சூழல்' என்று விளம்பரம் கொடுக்கத் தயங்குகிற ஏரியா.

இத்தனைக்கும் நடுவில் ஒரு ஆறு இருக்கிறது. கொசஸ்தலை வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் கடலைத் தொடுகிற இடம். அங்கிருந்து வடக்கே பழவேற்காடு வரை உப்பங்கழி. கடல் மீனவர் வேறு, இந்த ஆற்றை நம்பிப் பிழைக்கிறவர்கள் வேறு. இவர்களில் படகும் வலையும் வைத்திருப்பவர்கள் உண்டு. எதுவும் இல்லாதவர்களும் உண்டு. இருளர் வீட்டுப் பெண்களும் குப்பத்துப் பெண்களும் தண்ணீர் வற்றுகிற நேரம் பார்த்து இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்த வாக்கில் நகர்ந்து, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிப்பார்கள். ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் தேடுவதைப் பார்த்திருக்கிறேன். முதலீடு பறி மட்டும். ஓவர்ஹெட் கிடையாது. காலேஜில் எனக்குக் காஸ்ட் அக்கவுன்டிங் எடுத்த வாத்தியாருக்கு இதைக் காட்டியிருந்தால் கண் கலங்கியிருப்பார்.

என்னோடு பத்தாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நண்பன் ஒருவன். அவன் அம்மா இப்படி இறால் தடவித்தான் அவனையும் இரண்டு தங்கைகளையும் படிக்க வைத்தாள். அவன் இப்போது ஒரு கன்டெய்னர் யார்டில் செக்யூரிட்டி. போன வருஷம் அவன் வீட்டுக்குப் போனபோது ஆயா திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். இரண்டு பாதத்திலும் கோடு கோடாகக் கீறல். சிலது ஆறியது, சிலது புதுசு.

"இன்னா ஆயா, கண்ணாடி மேல நடந்தியா?"

"கண்ணாடியா இருந்தா பொறுக்கிப் போட்டுட்டு நடக்கலாமே கண்ணு. இது காக்கா ஆழி. காலை வக்கிற எடமெல்லாம் அதான்."

ஆழி என்றால் இங்கே கடல் இல்லை. எங்கள் பக்கம் சிப்பி வகைக்கு அந்தப் பெயர். பாறையில் ஒட்டிக்கொண்டு வளர்கிற பச்சை ஆழி நம் கரையின் பழைய குடி. இந்தக் காக்கா ஆழி புதுசு. கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். கரிய ஓடு, விளிம்பு பிளேடு. நண்பன் ஒரு கொத்தைக் கொண்டு வந்து காட்டினான். பத்து முப்பது சேர்ந்து ஒன்றையொன்று நூல்போட்டுக் கட்டிக்கொண்டு உருண்டையாக இருந்தது. நிஜமாகவே நூல். சிப்பியே சுரந்து, கிடைத்ததைப் பிடித்துக்கொள்கிற நூல். பாறை, படகின் அடி, அலையாத்தி வேர், வேலிக் கழி எல்லாம் அதற்குச் சம்மதம். ஒன்றும் இல்லாவிட்டால் பக்கத்துச் சிப்பியைப் பிடித்துக்கொள்ளும். அப்படியே ஆற்றின் தரை முழுக்க ஜமக்காளம் விரித்த மாதிரி பரவிவிடும்.

இதில் இறாலுக்கு என்ன வந்தது என்று கேட்டேன். ஆயா என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"எறா எங்க இருக்கும்? சேத்துல பொதைஞ்சி இருக்கும். சேறு எங்க கீது இப்போ? மேல பூரா இது மூடிக்கினு கீது. நீ படுக்கற பாயில ஆணி அடிச்சு வச்சா நீ படுப்பியா?"

இறால் மட்டுமா, சேற்றில் வாழ்கிற மஞ்ச மட்டியும் மூச்சுத் திணறிப் போயிற்று. உணவும் இடமும் புது ஆளுக்குத்தான். 2022, 2023 வாக்கில் இது செய்தித்தாளில் வர ஆரம்பித்தது. மீனவர்கள் அதற்கு முன்பே தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். விஷயம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிற்று. கவனிக்க, இதற்கு நடுவில் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வேறு வந்து முகத்துவாரத்தில் படிந்தது. பட்ட காலிலே படும் என்கிற பழமொழியைக் கண்டுபிடித்தவர் எண்ணூர்க்காரராகத்தான் இருக்க வேண்டும்.

★

காக்கா ஆழியின் சர்ட்டிபிகேட் பெயர் மைட்டெல்லா ஸ்ட்ரைகேட்டா. ஆங்கிலத்தில் சர்ரு மஸல். சொந்த ஊர் தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கா. அங்கே அது ஒன்றும் வில்லன் இல்லை. பிரேசிலில் மாசேயோ என்கிற ஊரின் முண்டாவு காயலில் இதைச் 'சுருரு' என்று செல்லமாகக் கூப்பிட்டு, தேங்காய்ப் பால் விட்டுச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். அதை அள்ளி, வேகவைத்து, ஓடு நீக்கி விற்றுப் பிழைக்கிற குடும்பங்கள் அந்தக் காயலோரம் ஏராளம். அதாவது, நம் ஆயாவைப் போலவே ஒரு ஆயா அங்கே இந்தச் சிப்பியால் பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டிருப்பாள்.

அப்படியானால் நாமும் தின்று தீர்த்துவிட வேண்டியதுதானே? என் ஆபீஸ் நண்பர் ஒருவர் ரொம்ப உற்சாகமாக இதைச் சொன்னார். சிப்பி என்பது தண்ணீரை உறிஞ்சி வடிகட்டிச் சாப்பிடுகிற பிராணி. எங்கள் ஆற்றில் சாம்பலும் ஆலைக் கழிவும் கலந்து பல வருஷம் ஆகிறது. வடிகட்டியில் என்ன தங்குமோ அதுதான் சிப்பிக்குள்ளும் தங்கும். வீட்டு வாட்டர் ஃபில்டரைக் கழற்றி, உள்ளே இருக்கிற கேண்டிலை மசாலா தடவி வறுத்துச் சாப்பிடுவாரா என்று கேட்டேன். நண்பர் டீக்குக் காசு கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

தென் அமெரிக்காவிலிருந்து அத்திப்பட்டுக்கு எப்படி வந்தது? நான் சில வருஷம் ராஜாஜி சாலைப் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் குப்பை கொட்டியவன். அதனால் இந்த இடத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் பேச உரிமை உண்டு.

சரக்கு இல்லாத கப்பல் காலி டப்பா மாதிரி. அலையில் ஆடும், கவிழும். அதனால் அடித் தொட்டிகளில் தண்ணீரை ஏற்றிக்கொள்ளும். பேலஸ்ட் தண்ணீர் என்பார்கள். அந்தக் காலத்தில் கல்லும் மணலும் ஏற்றினார்கள். இரும்புக் கப்பல் வந்த பிறகு தண்ணீர் சௌகரியமாகிவிட்டது. பெரிய கப்பலில் இது பல்லாயிரம் டன். எந்தத் துறைமுகத்தில் சரக்கை இறக்கினதோ அங்கே தண்ணீரை ஏற்றும். எந்தத் துறைமுகத்தில் சரக்கை ஏற்றுகிறதோ அங்கே தண்ணீரைக் கொட்டும். அந்தத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத சிப்பிக் குஞ்சுகள் நீந்திக்கொண்டிருக்கும். ஓடு கனத்து எங்கேயாவது உட்காருவதற்கு முன்னால் சில வாரம் அவை மிதந்தே திரியும். டிக்கெட் இல்லாத பிரயாணம். தொட்டியில் வராவிட்டால் கப்பலின் அடி வயிற்றில் ஒட்டிக்கொண்டு வரும்.

ஒரு பெட்டி ஊசி கப்பலில் வந்தால் எத்தனை காகிதம் தெரியுமா? பில் ஆஃப் லேடிங், பில் ஆஃப் என்ட்ரி, இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட். ஒரு எழுத்து தப்பினால் பெட்டி யார்டில் நிற்கும், டெமரேஜ் ஓடும். பழம், விதை வந்தால் பூச்சி இருக்கிறதா என்று பார்க்கத் தனி ஆபீஸ். தென் அமெரிக்காவிலிருந்து மனிதன் வந்தால் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட அட்டையைக் காட்டு என்பார்கள். இந்தப் பல்லாயிரம் டன் தண்ணீர் மட்டும் ரொம்ப காலம் உலகம் பூராவும் பில் இல்லாமலே இறங்கியது. 2004-ல்தான் பேலஸ்ட் தண்ணீருக்கென்று ஒரு சர்வதேச ஒப்பந்தம் எழுதினார்கள். அது அமலுக்கு வந்தது 2017 செப்டம்பர் 8. பதின்மூன்று வருஷம்! நம் ஊர் மேம்பாலங்களைக் கிண்டல் செய்பவர்கள் கவனிக்கவும். தண்ணீரைக் கரையிலிருந்து 200 கடல் மைல் தள்ளி நடுக்கடலில் மாற்று, அல்லது கப்பலிலேயே சுத்திகரி, எங்கே ஏற்றினாய் எங்கே இறக்கினாய் என்று ஒரு ரிக்கார்டு புத்தகம் வை என்பதெல்லாம் அதில் இருக்கிறது.

அதற்குள் காக்கா ஆழி பாதி உலகம் சுற்றிவிட்டது. 1986-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்து ஜாக்சன்வில்லில் ஒரு மின் நிலையம் தண்ணீர் எடுக்கிற வழியில் போய்க் கூட்டமாக உட்கார்ந்தது. பிலிப்பைன்ஸின் மணிலா வளைகுடா, 2016-ல் சிங்கப்பூர், பிறகு தாய்லாந்து. 2019-ல் கேரளத்து உப்பங்கழிகளில் இருப்பதாகப் பதிவு செய்தார்கள். அங்கே அஷ்டமுடிக் காயலின் மட்டித் தொழில், முறையாக நடத்தப்படுகிறது என்று 2014-ல் சர்வதேசச் சான்றிதழ் வாங்கியது. இந்தியாவில் அப்படி வாங்கிய முதல் மீன்பிடிப்பு அது. அந்தக் காயலுக்குள்ளும் நுழைந்துவிட்டது இந்த ஆசாமி. கடைசியில் எங்கள் ஆறு.

கோபப்பட்டுக்கொண்டே மேலே படித்தபோது ஒரு தகவல் கிடைத்தது. கொஞ்சம் அடங்கிப் போனேன். 1999-ல் அதே ஃபுளோரிடாவின் டாம்பா வளைகுடாவில், மின் நிலையத்துக் குளிர்நீர்க் குழாய்களைச் சுத்தம் செய்ய இறங்கிய முக்குளிப்பவர்கள் அதுவரை பார்க்காத ஒரு சிப்பியைப் பார்த்தார்கள். பச்சை நிறம். கொத்துக் கொத்தாக அடைத்துக்கொண்டிருந்தது. நம் பச்சை ஆழி! நம் கரை உட்பட ஆசியக் கடல்களின் சொந்தச் சரக்கு. கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் கடல் தண்ணீர் வரும் சுரங்கத்தில் இது ஒட்டாமலிருக்கக் குளோரின் போடுகிறார்கள். அதுவும் கப்பலேறி அமெரிக்கா போய் அவர்கள் குழாயை அடைத்திருக்கிறது. எங்கள் துறைமுகத்தில் நிலக்கரியை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புகிற ஒவ்வொரு கப்பலும் எங்கள் தண்ணீரைத்தான் அள்ளிக்கொண்டு போகிறது. அதில் என்னென்ன போகிறதோ, யார் வீட்டு ஆயா காலைக் கிழிக்கிறதோ. ஏற்றுமதி, இறக்குமதி இரண்டிலும் நாம் இருக்கிறோம். எந்தப் புள்ளிவிவரத்திலும் அது ஏறுவதில்லை.

மத்தியும் வந்தது, காக்கா ஆழியும் வந்தது. ஒன்றை நாம் குழம்பில் போடுகிறோம், மற்றதைச் சபிக்கிறோம். வித்தியாசம் எங்கே என்று ரயிலில் யோசித்துப் பார்த்தேன். மத்தி தன் துடுப்பால் வந்தது. கடல் திறந்த வெளி. அங்கே யார் படுக்கையையும் அது பறித்துக்கொள்ளவில்லை. வலையில் விழுந்து காசானது. (கடலைச் சூடாக்கியதில் என் ஜன்னலுக்கு வெளியே நிற்கும் புகைபோக்கிகளுக்கும் பங்கு உண்டு, அதன் கரன்ட்டில் ஃபேன் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன் என்பது வேறு விஷயம்.) காக்கா ஆழிக்கு வந்து வாய்த்ததோ ஒரு குறுகலான ஆறு. சாம்பலும் சூடான தண்ணீரும் விழுந்து, பழைய குடிகள் ஏற்கெனவே சோர்ந்து கிடந்த ஆறு. உப்பு கூடினாலும் குறைந்தாலும் இந்தச் சிப்பி தாங்கும். மற்றவை தாங்காத இடத்தில் தாங்குகிறவன் ராஜா.

எங்கள் அக்கவுன்டன்ஸியில் ஒரு ஏற்பாடு உண்டு. டிரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை, வித்தியாசம் யார் தலையில் எழுதுவது என்று தெரியவில்லை என்றால், அந்தத் தொகையை 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்' என்று ஒரு தலைப்புப் போட்டுத் தள்ளிவிடுவோம். காக்கா ஆழி இப்போது அங்கேதான் இருக்கிறது. அதை ஆற்றிலிருந்து அள்ளி எடுக்க நீர்வளத் துறை போட்ட மதிப்பீடு 160 கோடி ரூபாய். துறைமுகத் தரப்பு கொடுக்கட்டும் என்றது அரசுத் தரப்பு. எந்தக் கப்பலின் எந்தத் தொட்டியிலிருந்து முதல் குஞ்சு விழுந்தது என்று சிப்பியிடம் கேட்டா தெரிந்துகொள்ள முடியும்? அதுவோ தன் பாட்டுக்குக் குட்டி போட்டுக்கொண்டிருக்கிறது. அள்ளும்போது உடைந்தாலும் சிதறினாலும் புது இடத்தில் ஒட்டிக்கொள்ளும். நிதி ஒதுக்கும் வேகத்துக்கும் அது பெருகும் வேகத்துக்கும் பந்தயம் வைத்தால் நான் எதன் மீது பணம் கட்டுவேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

★

போன மாதம் நண்பன் வீட்டுக்கு வந்து, "டேய், நீ பி.காம் தானே? அம்மாவுக்கு ஒரு மனு எழுதிக் குடு. நஷ்ட ஈடு கேட்டு" என்றான். அரசு தருகிறதோ இல்லையோ, குப்பத்தில் பலரும் எழுதிக் கொடுக்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை பேப்பரும் பேனாவுமாகப் போனேன்.

"ஆயா, முன்னாடி ஒரு நாளைக்கு எவ்ளோ கெடைக்கும்?"

"ஒரு நாள் ஐநூறு. ஒரு நாள் ஆயிரம். ஒரு நாள் கொழம்புக்கு மட்டும்."

"ஆவரேஜா?"

"அப்டின்னா?"

விளக்கினேன். ஆயா விரல் விட்டு எண்ணினாள். அமாவாசை, பௌர்ணமிக்குத் தண்ணீர் எப்படி இருக்கும், எந்த மாசம் வெள்ளை இறால், எந்த மாசம் காய்ச்சலில் படுத்தாள், எந்த மாசம் பெண்ணின் பிரசவம் என்று முப்பது வருஷக் கணக்கு அவள் வாயிலிருந்து வந்தது. எனக்கு ஒரு பக்கம் போதவில்லை. இப்போது எவ்வளவு என்று கேட்டேன். பக்கத்து கம்பெனி கேன்டீனில் பாத்திரம் தேய்ப்பதாகச் சொன்னாள். வாரத்தில் இரண்டு நாள் இன்னும் ஆற்றில் இறங்குகிறாள். பழைய ஷூ ஒன்றைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு.

"ஷூவோட சேறு தெரியாதே ஆயா? எறா காலுல தட்டினா எப்படித் தெரியும்?"

"தெரியாதுதான். கை தெரிஞ்சா போதும்னு போறேன். கையும் கிழியுது."

ஆதாரம் என்று ஏதாவது வேண்டுமே. பில் கிடையாது, ரசீது கிடையாது. வாங்குகிற வியாபாரி நோட்டில் எழுதுவான், நோட்டு தீர்ந்ததும் பட்டாணி மடிக்கப் போய்விடும். "வருமானத்துக்கு அத்தாட்சி" என்று எழுதி நிறுத்தினேன். நண்பன் தன் படித்த தங்கையைக் காட்டி, "இவளைப் போடு" என்றான். எல்லோரும் சிரித்தோம். ஆயா சிரிக்கவில்லை. "போடு" என்றாள். இரண்டு பெண்களின் ஸ்கூல் ஃபீஸ் ரசீது டிரங்க் பெட்டியில் பத்திரமாக இருந்தது. அதன் நகலை இணைப்பு ஒன்று என்று எழுதினேன்.

அப்புறம் 'நஷ்டத்துக்குக் காரணம்'. காக்கா ஆழி என்று எழுதினால், அதன் மேல் கேஸ் போட முடியாது. யார் என்று கேட்பார்களே என்றான் நண்பன்.

"கப்பல்னு போடு" என்றாள் ஆயா.

"எந்தக் கப்பல்னு கேப்பாங்க ஆயா."

"எந்தெந்தக் கப்பல் எப்போ வந்துது, எந்தூர்லேர்ந்து வந்துது, இங்க எவ்ளோ தண்ணிய ஊத்திட்டுப் போச்சுன்னு எழுதி வச்சிருக்காங்கன்னு நீதானே சொன்னே? அந்தப் பொஸ்தகத்தைப் பாத்து அவுங்களையே பேரை ரொப்பிக்கச் சொல்லு. எனக்கு எழுதத் தெரியாது."

அதை அப்படியே மனுவில் எழுதினேன். ஒரு வார்த்தை மாற்றவில்லை. 'பொஸ்தகத்தை' மட்டும் 'பதிவேட்டை' என்று போட்டேன்.